மூணு மாசத்துக்கு ஒரு தடவை

தெருவே 'மூணு மாசம்' என்று கூப்பிடும் இன்வெர்ட்டர் மெக்கானிக்கிடம் மொத்தம் ஒன்பது சட்டைகள் இருந்தன. எட்டில் ஓட்டை. பேட்டரி ஆசிட் தெறித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சட்டை நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு தடவை துவைத்துக் காயப்போட்டு எடுத்தால்தான் எறும்பு விருந்து சாப்பிட்டுப் போன மாதிரி பொத்தல் பொத்தலாகத் தெரியும். ஒன்பதாவது சட்டை இளநீலம். அது வருடத்தில் நான்கு நாள் மட்டுமே அலமாரியை விட்டு வெளியே வரும். அதைப் போட்டுக்கொண்டு அவர் போவதும் ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத்தான்.

"தண்ணி ஊத்தப் போறதுக்கு அயர்ன் பண்ண சட்டையா தம்பி?" என்பார் அண்ணி. மெக்கானிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்தில் கடை, கடைக்குப் பின்னால் ஒரு அறை, சாப்பாடு மேலே அண்ணி கையால். "பேட்டரி என்ன, மாப்பிள்ளை பார்க்கவா வருது?"

"அது கொஞ்சம் டீசன்டான வீடு அண்ணி."

"அப்ப இது?"

அதற்குள் அவர் வண்டியை உதைத்திருப்பார்.

பெயர் வந்த கதை சின்னது. யார் வீட்டில் பேட்டரி வைத்தாலும், வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் காலால் தேடும் நேரத்தில், "மூணு மாசத்துக்கு ஒரு தடவை தண்ணி பார்க்கணும், மறந்துடாதீங்க" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள், எல்லோரும் மறந்துவிடுவார்கள். இன்வெர்ட்டரை யார் நினைத்துக்கொள்கிறார்கள்? மாடிப்படிக்குக் கீழே, அறுந்த செருப்புக்கும் கம்பி நீட்டிய குடைக்கும் நடுவில் அதற்கு இடம். கரண்ட் போகும் அரைமணி நேரத்துக்கு மட்டும் அது குடும்பத்தில் ஒருவர். எட்டாவது மாதம், "வாங்கி வருஷம்கூடத் திரும்பல, ஏமாத்திட்டீங்களே" என்று சண்டைக்கு வருவார்கள். மூடியைத் திறந்தால் ஈயத் தகடுகள் பல்லைக் காட்டிக்கொண்டு வறண்டு கிடக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள், "மூணு மாசம் வந்திருக்காரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டு, திடுக்கிட்டு அவர் வயிற்றைப் பார்ப்பதுண்டு. ஐம்பது வயதில் வயிறும் கொஞ்சம் ஒத்துழைத்தது.

மறக்காத வீடு ஒன்றே ஒன்றுதான். மீன் டீச்சர் வீடு.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. வாடகை வீட்டின் முன்னறையில் இருபத்திரண்டு கண்ணாடித் தொட்டிகள் வைத்து வண்ண மீன் வளர்த்து விற்றார். மீன் வாங்க வருகிறவர்களிடம் பத்துக் கேள்வி கேட்டு, ஐந்துக்காவது ஒழுங்கான பதில் வந்தால்தான் வலையைக் கையில் எடுப்பார்.

"உங்க தொட்டியில ஏற்கெனவே என்ன மீன் இருக்கு?"

"ஏதோ ஆரஞ்சு கலர்ல ரெண்டு இருக்குங்க."

"ஏதோவோட இது சேராது. பேரு தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

இப்படி வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பி அனுப்பியே அந்தக் கடைக்கு நல்ல பெயர் வந்தது. அவருக்கு ஒருகாலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. கட்டியவர் ஆறாவது மாதம் வேலை தேடி வெளியூர் போனார். வேலை கிடைத்தது. கூடவே வேறு வீடும் கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் டீச்சரும் அவருடைய அக்காவும்தான். அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்பு கொடுத்து ஓய்வுபெற்றவர். அடுத்தவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். சம்பளம் நின்றதும் காதில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

தொட்டிகளுக்குக் காற்று ஊதும் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போய் இரண்டு மூன்று மணி நேரம் பம்பு நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு மூடாது. ஆகவே அந்த வீட்டில் இன்வெர்ட்டருக்குச் செருப்புக்கும் குடைக்கும் நடுவில் இடமில்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒடுக்கமான நடையில் தனி மேடை, மேலே துணி, பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு. அந்த நோட்டில் தண்ணீரின் சூடு, குஞ்சு பொரித்த தேதி, செத்த மீன், பேட்டரியின் ஆறு அறைகளின் அளவு எல்லாம் டீச்சரின் சின்ன எழுத்தில் இருக்கும். அடுத்த முறை எப்போது தண்ணீர் என்பதும் இருக்கும். அந்தத் தேதியில் காலை பத்து மணிக்கு இளநீலச் சட்டை வாசலில் நிற்கும்.

பதினோரு வருடம். நாற்பத்து நான்கு தடவை. ஒரு தடவைக்கு ஆறு மூடி.

வேலை கால்மணி நேரம்தான். அவர் முக்கால்மணி எடுத்துக்கொள்வார். நடையில் வெளிச்சம் போதாது. அவர் குந்தி உட்கார, டீச்சர் பின்னால் நின்று டார்ச் பிடிப்பார். மற்ற வீடுகளில் செல்போன் வெளிச்சம் காட்டுகிறேன் என்று வருகிறவர்கள் நடுவில் யாருக்கோ பதில் போடுவார்கள். வெளிச்சம் கூரைக்குப் போய்விடும், இவர் இருட்டில் ஆசிட்டோடு உட்கார்ந்திருப்பார். டீச்சரின் டார்ச் அசையாது. எந்த மூடிக்குக் கை போகுமோ அந்த மூடிக்கு வெளிச்சம் ஒரு விநாடி முன்னாலேயே போய்க் காத்திருக்கும். இதைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், டார்ச் பிடித்ததற்கா என்று கேட்பார்கள்.

பேச்சும் பெரிதாக ஒன்றும் கிடையாது. பதினோரு வருடத்தில் இருவரும் மனம்விட்டுப் பேசியதாக எடுத்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்:

"நீங்க ஊத்தற தண்ணியில ஒண்ணுமே இருக்காதா?"

"ஒண்ணும் இருக்கக் கூடாது டீச்சர். இருந்தா பேட்டரி போயிடும்."

"எங்க தண்ணியில எல்லாம் இருக்கணும். இல்லன்னா மீன் போயிடும்."

வீடு திரும்பும் வழியில் அவர் இதை நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன்பின் வந்த மூன்று மாதமும் அதிலேயே ஓடியது.

நாற்பத்து நான்காவது தடவை போனபோது பேட்டரியின் வயிறு புடைத்திருந்தது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒன்று என மாற்றிய மூன்றாவது பேட்டரி, அதற்கும் காலம் முடிந்துவிட்டது. சார்ஜ் ஏறும்போது அடிக்கும் அந்தப் புளிப்பு வாடைக்கு உள்ளறையில் அக்கா இருமிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வந்த டாக்டர் ஏற்கெனவே அந்த நடையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துவிட்டுப் போயிருந்தார்.

டீச்சர் டார்ச்சை அணைத்தார். "லித்தியம்னு சொல்றாங்களே. வாடை கிடையாது, தண்ணி வேண்டாம், பத்து வருஷம் தொடவே வேண்டாமாம். நம்ம இன்வெர்ட்டருக்கு அது சேருமா?"

மெக்கானிக்குக் கையில் இருந்த புனல் கனத்தது.

சேரும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வருடமே ஆறு வீட்டில் மாற்றியிருந்தார். லித்தியம் என்றால் ஒரே ஆள் இல்லை, பங்காளிகள் நிறைந்த குடும்பம். அதில் ஒரு வகை, ஒரு செல் மூன்று புள்ளி இரண்டு வோல்ட். நான்கைக் கோத்தால் ஈய பேட்டரியின் உயரத்துக்கே வந்து நிற்கும். பழைய இன்வெர்ட்டர் பதினாலே கால், பதினாலரை என்று எங்கே சார்ஜை நிறுத்துமோ அங்கேதான் அதற்கும் வயிறு நிறையும். அளவெடுத்துத் தைத்த மாதிரி. இன்னொரு வகை மூன்று புள்ளி ஏழு வோல்ட். மூன்று கோத்தால் குட்டை, நான்கு கோத்தால் நெட்டை, எப்படித் திருப்பிப் போட்டாலும் பொருந்தாது. முதல் வகையை வாங்கி, இன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஸ்விட்சைத் தள்ளி வைத்தால் கதை முடிந்தது. பத்து வருடத்துக்கு யாரும் அந்த நடையில் குந்தி உட்கார வேண்டியதில்லை. நாற்பது தடவை. அவர் மனசு பெருக்கி முடித்தபோது வாய் தானாகப் பேசிவிட்டிருந்தது.

"சேராது டீச்சர்."

"ஏன்?"

"இது ஈய பேட்டரிக்குன்னே செஞ்ச இன்வெர்ட்டர். சார்ஜ் ஏத்தற விதம் வேற. லித்தியத்துல வோல்டேஜ் மாறினா ஆபத்து."

தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த வாக்கியங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய்யை இப்படி உதிரி பாகமாகக் கொண்டுவந்து வாடிக்கையாளர் வீட்டில் பூட்டுவது எல்லா மெக்கானிக்குகளுக்கும் கைவந்த வேலை. இவர் அதுவரை செய்ததில்லை என்பதால் பூட்டும்போது காது மடல் சிவந்துவிட்டது.

டீச்சர் நோட்டை எடுத்தார். தேதி போட்டார். 'லித்தியம் சேராது - மெக்கானிக்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். உள்ளே அக்கா இருமினார். அடுத்த வாரம் புது ஈய பேட்டரி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு மெக்கானிக் கிளம்பினார்.

அன்று மதியம் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரை அண்ணி பார்த்தார்.

"என்ன தம்பி, நல்ல சட்டையில ஓட்டை விழுந்துடுச்சா?"

"இல்ல அண்ணி."

"அப்ப எங்க விழுந்துச்சு?"

நான்காம் நாள் டீச்சரின் போன் வந்தது. பதினோரு வருடத்தில் அந்தக் குரல் அவசரப்பட்டு அவர் கேட்டதில்லை. "சீக்கிரம் வாங்க. பெட்டி சுடுது."

நடந்தது இது. டீச்சர் மீன் பட்டுவாடாவுக்குப் போயிருந்த நேரத்தில், இருமிச் சலித்த அக்கா, பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்து லித்தியம் பெட்டி கட்டிக்கொடுக்கும் ஒரு ஆளை வரவழைத்துவிட்டார். அந்த ஆள் "எல்லா இன்வெர்ட்டருக்கும் சேரும் மேடம், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றான். வாங்குகிறவர் கண்ணை மூட வேண்டிய பொருளைக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. அவன் மாட்டிவிட்டு, பழைய ஈயத்தையும் எடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மெக்கானிக் கையில் கிடைத்த சட்டையோடு ஓடினார், எட்டில் ஒன்று. நடையில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு வாடை. சார்ஜை நிறுத்தினார், ஒயரைக் கழற்றினார். நீல உறை போட்ட பெட்டி இட்லி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. இரும்பு முறத்தில் தள்ளி எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார். தொட்டியில் போட வைத்திருந்த மணல் மூட்டையை டீச்சரே இழுத்துவந்து, மெக்கானிக் இறக்கி வைத்த பெட்டிமேல் அப்படியே கவிழ்த்தார். மணலுக்குள்ளிருந்து ஒரு கோடு புகை எழுந்தது, யோசித்தது, அடங்கியது.

ஓரமாகக் கிழிந்து விழுந்த தாளை மெக்கானிக் எடுத்துப் பார்த்தார். மூன்று புள்ளி ஏழு, மூன்று வரிசை. குட்டைப் பங்காளி. பன்னிரண்டரைக்கு மேல் தாங்காத வயிற்றில், ஈயத்துக்கு ஊட்டும் பழக்கத்தில், பதினாலரை வரைக்கும் ஊட்டியிருக்கிறது இன்வெர்ட்டர். அளவு மீறினால் இணைப்பை வெட்டிவிட உள்ளே வைத்திருக்க வேண்டிய காவல் சர்க்யூட் பலகையை அந்த ஆள் வைக்கவே இல்லை.

"பார்த்தியா?" டீச்சர் அக்கா பக்கம் திரும்பினார். "சேராதுன்னு இவர் அன்னைக்கே சொன்னார். நோட்டுல எழுதியே வெச்சிருக்கேன். படிக்கத் தெரியும்தானே உனக்கு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு இருமினார்.

மெக்கானிக் பேசாமல் இருந்திருந்தால் போதும். ஊர் உலகத்தில் எத்தனை பொய்க்கு இப்படித் தானாக வந்து சாட்சி சொல்ல ஒரு பேட்டரி கிடைக்கும்? அவர் மணல் மேட்டைப் பார்த்தார், இருமிய அக்காவைப் பார்த்தார்.

"அக்காவைத் திட்டாதீங்க டீச்சர். இதுதான் சேராது. சேர்ற லித்தியம் வேற இருக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

டீச்சருக்குப் புரிய நேரம் ஆனது. "தெரிஞ்சுமா சேராதுன்னீங்க?"

"ம்."

"ஏன்?"

அவர் வாயில் இரண்டு பதில்கள் இருந்தன. சின்னதை எடுத்தார். "தண்ணி ஊத்தற வேலை போயிடும்னு."

"அந்தக் காசுக்காகவா?"

கொல்லைக் கதவுக்குப் பின்னால் இருபத்திரண்டு தொட்டிகளிலும் பம்புகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. "ஆமா" என்றார் மெக்கானிக்.

"நீங்க அப்படிப்பட்ட ஆளுன்னு நான் நினைக்கல."

அவர் அதற்கும் தலையாட்டினார். பேராசைக்காரன் என்ற பெயரை வாங்கி, ஸ்பானரோடு ஸ்பானராகப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். வேறு பெயரை அந்தக் கொல்லையில் வாங்க அவருக்குத் தைரியம் இருக்கவில்லை.

டீச்சர் நோட்டை எடுத்துவந்து இரண்டு கோடு போட்ட வரியை மூன்றாவதாக ஒரு கோட்டால் அடித்தார். "சேர்றது எதுன்னு சொல்லுங்க. எழுதிக்கறேன்."

இரண்டு நாளில் சரியான பெட்டி வந்தது. மூன்று புள்ளி இரண்டு, நான்கு வரிசை, உள்ளே காவல் பலகையோடு. ஸ்விட்சைத் தள்ளி, சார்ஜ் எங்கே நிற்கிறது என்று மீட்டர் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அன்று டார்ச் பிடித்தது அக்கா. வெளிச்சம் ஒட்டடை, கூரை, மெக்கானிக்கின் பிடரி என்று ஊர் சுற்றியது.

வேலை முடிந்ததும் டீச்சர் வந்து நின்றார். மெக்கானிக் இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஈய பேட்டரி கஷ்டம் வந்தா வாய்விட்டு அழுதுடும் டீச்சர். லைட்டு மங்கும், ஃபேன் முனகும், கீகீன்னு கத்தும். இது அப்படி இல்ல. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி இருக்கும். இன்வெர்ட்டர்ல அஞ்சு விளக்கும் எரியும், நிறைய இருக்குன்னு நினைச்சுக்குவீங்க. திடீர்னு உள்ள இருந்து கதவைச் சாத்திக்கும்."

"நிறைய பேர் அப்படித்தான்" என்றார் டீச்சர். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

"அதனால தனியா ஒரு மீட்டர் வெச்சிருக்கேன். உள்ள போறதையும் வெளிய வர்றதையும் எண்ணி, நூத்துக்கு எவ்வளவு மிச்சம்னு காட்டும். இன்வெர்ட்டர் விளக்கை நம்பாதீங்க, இந்த நம்பரை மட்டும் பாருங்க. இருபதுக்கு வந்தா லைட்டு ஃபேன் எல்லாத்தையும் அணைச்சுட்டு பம்பை மட்டும் விடுங்க. இன்னும் நாலஞ்சு மணி நேரம் தாங்கும்."

"கதவைச் சாத்திக்கிட்டா?"

"தூங்கிடும். கரண்ட் வந்தாலும் இன்வெர்ட்டர் அங்க பேட்டரியே இல்லன்னு நினைச்சுக்கும், சார்ஜ் ஏத்தாது. நான் வந்து எழுப்பணும்."

பேனா நின்றது. "எத்தனை நாளைக்கு ஒரு தடவை தூங்கும்?"

"நம்பரைப் பார்த்து அணைச்சீங்கன்னா தூங்கவே தூங்காது."

தன்னைத்தானே வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி எழுதவைத்திருக்க மாட்டார்கள். வாசலில் ஒரு செருப்பை மாட்டினார். இன்னொன்றைத் தேடும்போது சொல்லும் வாசகம் வாய்வரை வந்தது. இந்த வீட்டில் அதற்கு இனி அர்த்தம் இல்லை. இரண்டு செருப்பும் மாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல."

மூன்று மாதம் கழித்து, அந்தத் தேதியில், இளநீலச் சட்டை அயர்ன் ஆனது. மாட்டினார், பொத்தான் போட்டார், கண்ணாடியில் பார்த்தார். கழற்றி மடித்து வைத்துவிட்டு வேறொரு தெருவில் வறண்டுபோன ஒரு பேட்டரியைப் பார்க்கப் போனார். அண்ணி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கிண்டல் செய்யவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் அவர் மனசு ஒரு கணக்குப் போட ஆரம்பித்தது. இருபத்திரண்டு பம்பு, நான்கு லைட், இரண்டு ஃபேன். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு குறையும். ஒரு மணி நேரம் போனால் எண்பத்தெட்டு. இரண்டு மணி நேரம் போனால் எழுபத்தாறு. கடையில் எதிரே வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருப்பார். இவர் கண்ணுக்குள் ஒரு ஒடுக்கமான நடையில் நம்பர் ஒவ்வொன்றாக இறங்கும். ஊரே கரண்ட் வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்க, கரண்ட்டைத் திருப்பிக் கொண்டுவருவதாகச் சொல்லியே பிழைக்கும் ஒரு மனிதர், இன்னும் கொஞ்சம் போகட்டுமே என்று விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்தில் வந்துவிடும். ஒரு தடவை ஐம்பத்தெட்டு வரை போனது. தெருவில் எல்லோரும் கைதட்டினார்கள், விசிறி சுற்றியது, அவர் நம்பரை அழித்துவிட்டு மறுபடி நூறிலிருந்து தொடங்கினார்.

சட்டை அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டாவது தேதி போனது. மூன்றாவதும் போனது. டார்ச் வெளிச்சம் என்ன நிறம் என்பது மறந்துவிடுமோ என்று ஒருநாள் பயம் வந்தது. கடையில் இருந்த எல்லா டார்ச்சையும் சுவரில் அடித்துப் பார்த்தார். எதுவும் அது இல்லை. அந்த மீட்டரை வைக்காமல் விட்டிருக்கலாம். அவரே வாங்கி, அவரே பூட்டியது. வைக்காமல் விட்டிருந்தால் மீன்கள் செத்திருக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் நினைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

பத்தாவது மாதம் ஒருநாள், காலை ஆறு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மதியம் மூன்றுக்குத்தான் கரண்ட் என்று தகவல் வந்தது. ஒன்பது மணி நேரம்.

எட்டு மணிக்கு எழுபத்தாறு. பத்துக்கு ஐம்பத்திரண்டு. பன்னிரண்டுக்கு இருபத்தெட்டு. பன்னிரண்டே முக்காலுக்குள் இருபது. இந்நேரம் டீச்சர் எழுந்து போய் ஸ்விட்சுகளை அணைத்திருப்பார், எல்லாவற்றையும் குறித்த நேரத்தில் செய்கிறவர். பம்பு மட்டும் ஓடும். தாராளமாக மாலை வரை தாங்கும். மூன்று மணிக்குத் தெருவில் கைதட்டல் கேட்டது. மெக்கானிக் கணக்கை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தார்.

மூன்றே காலுக்குப் போன் அடித்தது.

"தூங்கிடுச்சு" என்றது டீச்சரின் குரல். அவசரமே இல்லாமல்.

படியிறங்கி வந்த அண்ணி இளநீலச் சட்டையின் பொத்தான்களைப் பார்த்தார். ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"எங்க தம்பி?"

"எழுப்ப."

"யாரை?"

அவர் வண்டியை உதைத்தார்.

போகிற வழியெல்லாம் மீன்கள். பம்பு எவ்வளவு நேரம் நின்றிருந்ததோ? வாசலில் செருப்பைக் கழற்றியதும் முதலில் தொட்டிகளைத்தான் பார்த்தார். மீன்கள் ஒன்றுமே நடக்காதது போல நீந்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் ஒரு சின்ன பம்பு, டார்ச் பேட்டரி போட்டு ஓடுகிற வகை, கொசு மாதிரி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டும். அவற்றின் அட்டைப்பெட்டிகள் மூலையில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மேலே இருந்த பெட்டியை அவர் தொட்டுப் பார்த்தார். விரலில் தூசி ஒட்டியது. பல மாதத்துத் தூசி.

உள்ளறையில் அக்கா கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமல் இல்லை. குரல் பழைய தொலைபேசி நிலையக் குரலாகத் திரும்பியிருந்தது.

"வாங்க தம்பி. காலையில இருந்து பட்டப்பகல்ல எல்லா லைட்டும், எல்லா ரூம்லயும் ஃபேனு. ஆளில்லாத ரூம்லகூட. எனக்குக் குளிர் ஜுரமே வந்துடுச்சு. அணைக்கப் போனா கையைத் தட்டிவிடறா."

"அக்கா, நீ பேசாம இரு" என்றார் டீச்சர்.

நடையில் இன்வெர்ட்டர், பேட்டரியைக் காணோம் என்று கீச்சிட்டுக்கொண்டிருந்தது. மேடைமேல் நோட்டு விரித்திருந்தது. எட்டு மணி, எழுபத்தாறு. பத்து மணி, ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு மணி, இருபத்தெட்டு. பன்னிரண்டு நாற்பது, இருபது. ஒன்றரை, பத்து. இரண்டு இருபது, நின்றது. எழுத்து எங்கேயும் கோணவில்லை. கடையில் உட்கார்ந்து அவர் இறக்கிய அதே நம்பர்கள், அதே நேரத்தில், இங்கே ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"இருபதுல அணைக்கணும்னு சொல்லியிருந்தேனே டீச்சர்."

"மறந்துட்டேன்."

"அவ மறந்துட்டாளாம்!" என்றது உள்ளறை.

மெக்கானிக் குந்தி உட்கார்ந்தார். கரண்ட் வந்துவிட்டது, நடையில் விளக்கு நன்றாகவே எரிந்தது. டீச்சர் ஆணியிலிருந்து டார்ச்சை எடுத்து, பின்னால் நின்று, அடித்தார். அவர் கை போகவேண்டிய முனைக்கு வெளிச்சம் ஒரு விநாடி முன்னால் போய் நின்றது.

பையிலிருந்து ஒரு பழைய பைக் பேட்டரியை எடுத்தார். ஈயம்தான். இரண்டு ஒயரால் தூங்குகிற பெட்டியின் முனைகளைத் தொட்டார். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். மீட்டரில் நம்பர் வந்தது, கீச்சிடல் நின்றது, சார்ஜ் ஏற ஆரம்பித்தது. மொத்தம் இரண்டு நிமிடம். அதன்பின் எல்லா நட்டுகளையும் ஒரு தடவை கழற்றி, துடைத்து, மறுபடி முறுக்கினார். நாற்பது நிமிடம் ஆனது. டார்ச் அசையவில்லை.

கடைசி நட்டை முறுக்கியதும் டீச்சர் நோட்டை எடுத்தார்.

"இது எத்தனை நாளைக்கு ஒரு தடவை தூங்கும்?"

முன்பு ஒருமுறை கேட்டு, ஒழுங்கான பதில் வாங்கி, எழுதி வைத்திருந்த கேள்வி. பத்து மாதம் முன்னால் புரட்டினால் அந்தப் பதில் இருக்கும். டீச்சர் புரட்டவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் காத்திருந்தார்.

மெக்கானிக் சட்டையில் மாறிப்போயிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

"மூணு மாசம்னு போட்டுக்கங்க டீச்சர்."

டீச்சர் தேதி போட்டார். 'மூணு மாசத்துக்கு ஒரு தடவை தூங்கும் - மெக்கானிக்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.